காலையில் பூங்கா, பிற்பகலில் அருங்காட்சியகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினாலே மலை நகரங்களைப் பற்றிய பயணக் கட்டுரைகள் நாளிதழ்களில் வரத் தொடங்கிவிடுகின்றன. பார்க்க வேண்டிய இடங்களின் பெயர்கள் எல்லாவற்றிலும் உண்டு. எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதுதான் இருப்பதில்லை. சமவெளி நகரில் இது பெரிய குறையாகத் தெரியாது. மலையில் அரை நாள் வீணாகிவிடும்.

பலர் காலையில் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு தாவரவியல் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். மலையில் இது தலைகீழான ஏற்பாடு. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று மேலெழுகிறது; மேலே போய்க் குளிர்ந்ததும் அதிலுள்ள ஈரம் மேகமாகிறது. ஈரம் மிகுந்த மாதங்களில் தெளிந்த வானம் பெரும்பாலும் முற்பகலோடு சரி. இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் மூடுபனியோ இடிமழையோ வந்துவிடும். துலிப், ஜென்ஷியன் போன்ற மலர்கள் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து விரிந்து மூடுபவை. மேகம் கவிந்த பிறகு போனால் கூம்பிய இதழ்களைத்தான் பார்க்கலாம். அதற்காக விடிந்ததும் ஓட வேண்டியதில்லை. இரவுக் குளிரில் மூடிய பூ விரியக் கொஞ்சம் வெயில் பட வேண்டும், பாசி படிந்த கற்படிகளில் ஈரமும் காய வேண்டும். ஒன்பது மணியிலிருந்து பதினொன்றரை வரை நல்ல நேரம்.

இதற்கு ஒரு விலக்கு, வந்து இறங்கிய முதல் நாள். நகரம் 2,500 மீட்டருக்கு மேல் இருந்தால் (ஈக்வடார் தலைநகர் கீட்டோ சுமார் 2,850, லடாக்கின் லே சுமார் 3,500) அன்று பூங்காவே வேண்டாம். மலைப் பூங்கா என்றால் பெரும்பாலும் அடுக்கடுக்கான ஏற்றம். உடல் பழகாத நிலையில் அது நல்லதல்ல. லே போன்ற உயரத்துக்கு விமானத்தில் நேராகப் போய் இறங்குபவர்கள் முதல் நாள் முழுக்க ஓய்வெடுப்பதே சரி. அதைவிடத் தாழ்ந்த நகரங்களில், உடம்பு நன்றாக இருந்தால், ஒரு சிறிய அருங்காட்சியகம் போதும். தலைவலி, குமட்டல், பசியின்மை தெரிந்தால் மேலே ஏறக் கூடாது. குறையாமல் கூடினால் கீழே இறங்கிவிட வேண்டும்.

நகரத்தின் உயரமும் பூங்காவின் உயரமும் ஒன்று என்று நினைத்துவிடவும் கூடாது. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் 574 மீட்டரில் இருக்கிறது. அதன் பல்கலைக்கழகம் பராமரிக்கும் ஆல்பைன் (உயர்மலை) தாவரத் தோட்டமோ பாட்ஷர்கோஃபெல் மலையில் ஏறக்குறைய 2,000 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்ற கணக்கில், ஊரைவிட அங்கே ஒன்பது டிகிரி குளிர் கூடுதல். புற ஊதாக் கதிரும் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. குளிர்காற்றில் தோல் கருகுவது உறைக்காது, அதனால்தான் தொப்பியை மறந்துவிடுகிறார்கள்.

பருவத்தைத் தவறவிட்டால் நேரக் கணக்கால் பயனில்லை. ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் மார்ச் இறுதியை ஒட்டித் திறந்து, ஏறக்குறைய ஒரு மாதமே பார்வைக்கு இருக்கும். மே மாத விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அங்கே துலிப் கிடையாது.

அருங்காட்சியகங்களில் ஏமாற்றுவது வார விடுமுறை. சிம்லாவின் மாநில அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை. டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய மலையேற்ற நிறுவனத்தின் அருங்காட்சியகத்துக்கு உயிரியல் பூங்கா வழியாகத்தான் போக வேண்டும். பூங்காவுக்கு விடுமுறையான வியாழனன்று இரண்டுமே கிடையாது. மூடும் நேரத்தை மட்டும் பார்த்துப் போவதும் தவறு, நுழைவுச் சீட்டுக் கவுன்ட்டர் அதற்கு முன்பே மூடிவிடும். சிம்லாவின் பழைய வைஸ்ராய் மாளிகை போன்ற இடங்களில் வழிகாட்டியோடு குழுவாகத்தான் உள்ளே விடுவார்கள்; சீட்டு வாங்கிய பிறகும் முறை வரக் காத்திருக்க நேரிடும்.

துணியில் வரைந்த தங்கா ஓவியங்கள், பழைய ஆடைகள், நீர்வண்ண ஓவியங்கள் உள்ள கூடங்கள் இருட்டாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒளி பட்டுச் சாயம் வெளுக்காமல் இருக்க அங்கே சுமார் 50 லக்ஸ் அளவில்தான் வெளிச்சம் வைப்பது வழக்கம். மலை வெயிலிலிருந்து நேரே நுழைந்தால் முதல் சில நிமிடங்கள் ஒன்றும் பிடிபடாது. வாசலருகே உள்ள வரலாற்றுப் பலகைகளை அதற்குள் படித்துவிடலாம். வெளியே கடுங்குளிர், உள்ளே கணப்பின் வெப்பம் என்றால் கேமரா லென்ஸில் நீர் படியும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டுத் திறந்தால் படியாது. பையைக் காப்பறையில் கொடுக்கச் சொல்லும் இடமென்றால் சால்வையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கல் கட்டடங்களுக்குள் வெளியைவிடக் குளிரும்.

முதியவர்களோடு போகிறவர்கள் பூங்காவுக்கு மேல் வாசல் உண்டா என்று விசாரிப்பது நல்லது. மேலிருந்து இறங்கினால் மூச்சு வாங்காது. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் கொடுமை. அவர்களைக் கீழ் அடுக்கிலேயே உட்காரவைத்துவிடலாம்.

இனி வெளியிடும் ஒவ்வொரு மலை நகரக் கட்டுரையின் கீழும் ஒரு சிறு கட்டத்தில் நகரத்தின் உயரம், பூங்காவின் உயரம், பூக்கும் மாதங்கள், வார விடுமுறை, சீட்டு கொடுப்பதை நிறுத்தும் நேரம் ஆகியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இடம் போதவில்லை என்றால் அழகிய காட்சிகளைப் பற்றிய வர்ணனையில் நான்கு வரியைக் குறைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
மலைச் சுற்றுலா வழிகாட்டிகள் சிலர்