முகத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பி.டி.எஸ். என்ற கொரியப் பாடகர் குழுவின் மதுரை ரசிகைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் எழுத்தில் எனக்குக் குறையில்லை. என் சண்டை படத்தோடுதான். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களின் முகம் அரைப் பக்கத்துக்கு. அதன் கீழே 'கொரிய மோகம்' என்று ஒரு வரி. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. நான் தல்லாகுளத்தில் திருமணப் படம் எடுத்துப் பிழைப்பவள். அந்தக் கூட்டத்தார் அழைப்பதால் அவர்களின் கூடுகைகளையும் எடுத்து வருகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர் நடிகர்களின் ரசிகர் மன்றங்களுக்கு முகம்தான் முக்கியம். சுவரொட்டியில் தலைவர் படம் ஒரு பங்கு என்றால், மன்றத் தலைவர், செயலாளர், பொருளாளர் முகங்கள் இரண்டு பங்கு. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் பையன் நம் கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். அந்தப் படத்தின் கீழே நீங்கள் 'மோகம்' என்று எழுதியதில்லை, 'உற்சாகம்' என்றுதான் எழுதுவீர்கள். ஆனால் இந்தக் கூட்டத்தை நடத்துபவர்கள் கல்லூரிப் பெண்கள், வேலைக்குப் போகும் பெண்கள், திருநங்கையர், திருநம்பியர். வீட்டில் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிவிட்டு வருகிறவர்களும் உண்டு. 2024 ஜனவரியில் கரூர் மாவட்ட எட்டாம் வகுப்பு மாணவியர் மூவர் பி.டி.எஸ்.ஸைப் பார்க்கக் கொரியா போவதாகக் கிளம்பிக் காட்பாடியில் மீட்கப்பட்ட செய்தி வந்தபோது, இங்கே பலருடைய வீட்டில் சுவரில் இருந்த படங்கள் கிழிக்கப்பட்டன என்று அவர்களே சொன்னார்கள்.

முகம் வெளியே வரக் கூடாது என்பதற்கு அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. காவல்துறை தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன, ஒருவரையொருவர் காதலித்த இரண்டு பெண்களும் மதுரையிலிருந்து சென்னை போனவர்கள்தாம். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்திருந்தார்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், வயதுவந்த பால்புதுமையினர் (தன்பாலீர்ப்பு கொண்டோர், திருநர் போன்றோர்) சம்மதத்தோடு சேர்ந்திருப்பது விசாரணையில் தெரிந்தால், அத்தகைய புகாரைத் தொந்தரவு எதுவும் தராமல் காவல்துறை முடித்துவிட வேண்டும் என்றார். தீர்ப்பு வந்துவிட்டது; ஆனால் வீட்டு மாமா, சித்தப்பா கையில் பத்திரிகை இருக்கிறதே! உங்கள் படத்தில் இருக்கும் இருவரும் தோழிகளா, வேறா என்பது எனக்கும் உங்களுக்கும் வேண்டாத விஷயம். தோளில் கை போட்ட படம் ஒன்றே சில வீடுகளுக்குப் போதும்.

அதற்காக முகத்தை மங்கலாக்குங்கள் என்றோ, கண்ணில் கறுப்புப் பட்டை போடுங்கள் என்றோ நான் சொல்லவில்லை. அது திருட்டு வழக்கில் பிடிபட்டவருக்குச் செய்வது. இவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: முகம் வேண்டாம் என்பவர் மணிக்கட்டில் மஞ்சள் ரிப்பன் கட்டிக்கொள்வார். ரிப்பனைக் கண்டால் நான் கைகளை எடுப்பேன், ஷூவை எடுப்பேன், மேஜையில் பரப்பி மாற்றிக்கொள்ளும் போட்டோ கார்டுகளை (பாடகர் படம் போட்ட சிறு அட்டைகளை) எடுப்பேன். படங்களை வெளியே அனுப்புவதற்கு முன் எல்லோரும் பார்ப்பார்கள். வேண்டாம் என்றதை அங்கேயே அழித்துவிடுவேன்.

தொழில் சார்ந்து ஒன்று. அந்தக் குழுவின் நிறம் ஊதா என்பதால் ஹால் முழுக்க ஊதா எல்.இ.டி. விளக்குதான். அதில் பச்சையும் மஞ்சளும் இல்லாததால் மாநிற முகம் கத்தரிக்காய் நிறத்தில் விழும். கம்ப்யூட்டரில் எவ்வளவு திருத்தினாலும் முழுதாக மீளாது. ஓரத்தில் ஒரு வெள்ளை விளக்கு கேட்டு வாங்கிக்கொள்வேன். கல்யாண வீட்டில் பழகிய கையோடு முகத்தை வெளுப்பாக்கியும் அனுப்ப முடியாது. உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். படத்தைப் பற்றி இவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொரியாவில் நீண்ட லென்ஸோடு காத்திருந்து பாடகர்களைப் படமெடுத்து, அதைப் புத்தகமாக்கி விற்பவர்களில் பெரும்பாலோர் ரசிகைகளே. இங்கும் நல்ல கேமராக்காரிகள் இருக்கிறார்கள். அவர்களிடமே படம் வாங்கி, பெயர் போட்டு, சன்மானமும் கொடுக்கலாமே.

பி.டி.எஸ். அறிமுகமானது 2013 ஜூன் 13. அடுத்த ஜூன் 13 கூடுகைக்கு உங்கள் நிருபரும் வரலாம் என்று சொல்லச் சொன்னார்கள். கேக் வெட்டி, சாப்பிட்டு, யார் யாருக்குச் சம்மதம் என்று கேட்டுக்கொள்ளும் வரை கேமரா பையிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இணையப் பதிப்பில் இன்னும் இருக்கும் அந்தப் படத்தை அதுவரை காத்திருக்காமல் இன்றே எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தல்லாகுளம், மதுரை