அலட்சியம் என்று எழுதிய அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் மருத்துவப் பக்கத்தில், பட்டிலிருந்து தயாரிக்கும் ஹைட்ரோஜெல்லை, அதாவது நீர் நிறைந்த கூழ் போன்ற பொருளை, புண்ணுக்குக் கட்டுவது பற்றிய கட்டுரை வந்திருந்தது. அதன் கடைசி வரி இது: "இத்தனை வசதிகள் வந்த பிறகும் சர்க்கரைப் புண்ணால் காலை இழப்பவர்கள் தங்கள் அலட்சியத்தால்தான் இழக்கிறார்கள்." எங்கள் வீட்டில் அதை முதலில் படித்தவர் என் அம்மா. வரிமேல் விரலை வைத்து, எழுத்துக்கூட்டி, வாய்விட்டுத்தான் படிப்பார். படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தவர், "நான் அலட்சியமாகவா இருந்தேன்?" என்று என்னைக் கேட்டார். அவருடைய வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

அம்மா பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்தில் 30 ஆண்டுகளுக்கு மேல் முந்திரிக்கொட்டை உடைத்தவர். இந்த மாவட்டத்துப் பத்திரிகை ஆசிரியருக்கு அந்த வேலையைப் பற்றி நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்ட இடம் பொசுங்கிக் கருத்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் நுனித் தோல் உரிந்துகொண்டேதான் இருக்கும். உரிந்த கையோடு மறுநாளும் போய் உடைத்தால்தான் அன்றைய கூலி. சிறிய புண்ணைப் பொருட்படுத்தாமல் வேலைக்குப் போவது அவர்களிடம் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதற்கு அலட்சியம் என்று பெயர் வைக்காதீர்கள்.

2022ஆம் ஆண்டு மார்கழியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது நடந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அம்மா உள்ளே வந்தார். சிமெண்டுத் தரையில் அவருடைய வலது காலடி மட்டும் வாசற்படியிலிருந்து அடுப்படிவரை சிவப்பாகப் பதிந்திருந்தது. எங்கள் ஊர் செம்மண் பூமி. ஈர மண்ணை மிதித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துத் துணியால் துடைத்தேன். துடைத்த பிறகுதான் ரத்தம் என்று தெரிந்தது. காலைத் தூக்கிப் பார்த்தால், சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு முந்திரி ஓட்டுச் சில்லு ஏறியிருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்து, உள்ளே சீழ் கோத்திருந்தது. எப்போது குத்தியது என்று அவருக்குத் தெரியவில்லை. அதோடுதான் நடந்திருக்கிறார், சமைத்திருக்கிறார், கோலம் போட்டிருக்கிறார்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவர் அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். தூண்டில் நைலான் போன்ற ஓர் இழை; 10 கிராம் அழுத்தத்துக்கு வளையும் என்றார். அதைப் பாதத்தில் ஒவ்வோர் இடமாக வைத்து அழுத்தி, "தொட்டவுடன் சொல்லுங்கள் அம்மா" என்றார். குதிகாலுக்குப் பக்கத்தில் மட்டும் அம்மா தலையாட்டினார். முன்பாதத்தில் ஐந்து இடங்களில் இழை வளைந்து நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஐயா, இன்னும் தொடவில்லையே?" என்றார் அம்மா.

சர்க்கரை நோயில் நரம்பு கெட்டுவிட்டால் கால் வலிக்காது. வலிக்காத காலைக் கவனிக்கவில்லை என்று ஒருவரைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? நம் மாநிலத்துக்கு இது புதிய செய்தியும் இல்லை. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழிவதற்கு வலி தெரியாமல் போவதே முக்கியக் காரணம் என்று கண்டு சொன்னவர். எம்.சி.ஆர். என்ற நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான செருப்பு அந்த அறிவிலிருந்துதான் நம் ஊர்களுக்கு வந்தது. இதெல்லாம் தாங்கள் அறிந்ததே. தங்கள் கட்டுரையாளரும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

ஹைட்ரோஜெல்லுக்கு நான் எதிரி இல்லை. அதனால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. முதல் இரண்டு மாதம் அம்மாவுக்கு வெறும் காஜ் துணிதான் வைத்துக் கட்டினார்கள். விரல்களை எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். உலர்ந்த காஜ் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது அரிசி அரிசியாக வளர்ந்திருக்கும் சிவப்புச் சதையும் சேர்ந்து வரும். புதிதாக ரத்தம் கசியும். அம்மாவோ ஒன்றும் தெரியாமல், இந்த வருடம் முந்திரி பூத்துவிட்டதா என்று என்னிடம் விசாரித்துக்கொண்டிருப்பார். ஈரம் பட்டால் புண் ஆறாது, காயவிட்டால்தான் ஆறும் என்று நானும் நம்பியவள்தான். 1962லேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர், பன்றித் தோலில் காயம் செய்து, பாலிதீன் தாளால் மூடி ஈரம் காத்த காயத்தில், காற்றில் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் புதுத்தோல் படர்ந்தது என்று எழுதிவிட்டார். அதைப் புதுச்சேரி மருத்துவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். தங்கள் மருத்துவப் பக்கத்தை 20 ஆண்டுகளாகப் படிக்கிறேன். இதை அதில் படித்ததாக நினைவில்லை.

சீழ் நின்று, செத்த தோலை வெட்டி எடுத்த பிறகு அந்த மருத்துவர் சாதாரண ஹைட்ரோஜெல் டியூப் ஒன்று எழுதிக்கொடுத்தார். அம்மாவின் இரண்டு நாள் கூலிக்கு மேல் விலை. அதைத் தடவி, மேலே காஜ் வைத்துக் கட்டினால் பிரிக்கும்போது கண்ணாடிபோல் நழுவி வரும். ஆனால் அதிகம் வைத்தால் குணம் அதிகம் என்று நினைத்து நான் அப்பிய ஒரு வாரத்தில், புண்ணின் விளிம்பு நெடுநேரம் துணி துவைத்த விரல்போல் வெளுத்து ஊறிப்போனது. நீர் நிறையக் கசியும் புண்ணுக்கு இது ஏற்றதல்ல, சீழ் பிடித்த புண்ணை ஜெல் போட்டு மூடிவிட்டு இருக்கக் கூடாது என்று அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். புண் ஆறியதற்கு ஜெல் மட்டும் காரணமும் இல்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தோம். அந்தக் காலைத் தரையில் ஊன்றவிடாமல் ஏழு மாதம் உட்காரவைத்தோம். கால் ஊன்றாத ஏழு மாதமும் அம்மாவுக்குக் கூலி இல்லை. இது எதுவும் தங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

நான் திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பட்டு எனக்குக் கைப்பழக்கமான பொருள். அசல் பட்டா என்று சந்தேகம் வந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்ப்பேன். தலைமயிர் கருகும் வாசனை வரும். இரண்டும் புரதம். பட்டுப்புழுக் கூட்டில் ஃபைப்ராயின் என்ற இழையும் அதன்மேல் செரிசின் என்ற பிசினும் இருக்கின்றன. எடையில் ஏறக்குறையக் கால் பங்கு பிசின். ஜெல் செய்பவர்கள் கூட்டைச் சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைத்துப் பிசினை நீக்குகிறார்கள். மிச்சமுள்ள இழையை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, பிறகு உப்பையெல்லாம் பிரித்தெடுத்து, பால் தயிராக உறைவதுபோல் உறையவைக்கிறார்கள். பெரும்பகுதி நீர், அதைத் தாங்கி நிற்கப் பட்டுப் புரதம். அறுவை சிகிச்சையில் பட்டு நூலால் தையல் போடுவது வெகுகால வழக்கம் என்பதால், பட்டு இழையை உடம்பு ஓரளவு ஏற்றுக்கொள்ளும் என்பதும் தெரிந்ததுதான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கூடு விளைகிற நம் மாநிலத்தில் இந்த ஆராய்ச்சி வளர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆனால் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எலி, முயல் போன்றவற்றின் தோலில் செய்தவை. எலியின் தோல் தளர்வானது. காயம் பெரிதும் சுருங்கியே மூடிக்கொள்ளும். மனிதனுக்கு அப்படி இல்லை. சதை வளர்ந்து, மேலே தோல் படர வேண்டும். தாங்கள் எழுதியதோ நாளைக் காலை மருந்துக்கடையில் போய் வாங்கலாம் என்பதுபோல் இருந்தது. மருந்துக்கடையில் ஹைட்ரோஜெல் என்று கிடைப்பது பெரும்பாலும் பட்டே கலக்காத, வேறு பொருள்களால் ஆனது.

கட்டுரை வந்த மூன்றாம் நாள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர், கையில் ஒரு பையோடு என் கடைக்கு வந்தார். பட்டு ரவிக்கை வெட்டும்போது விழும் துண்டுகள் இருந்தால் கொடு என்றார். எதற்கு என்று கேட்டேன். அவருடைய மனைவியின் குதிகால் புண்ணில் வைத்துக் கட்டுவதற்காம். சாயமும் ஜரிகையும் கஞ்சியும் ஏறிய துண்டு, ஐயா! நான் மறுத்துவிட்டு, அண்ணியை அன்று மாலையே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். என் கடைக்கு வந்ததால் அவர்கள் தப்பித்தார்கள். மற்ற ஊர்களில் எத்தனை பேர் எத்தனை கடைக்குப் போனார்களோ!

மனம் திறந்து எழுதுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' என்ற புயல் அடித்து எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் சாய்ந்தபோது, மரங்களின் படத்தை முதல் பக்கத்தில் போட்டீர்கள். உடைக்கக் கொட்டை இல்லாமல் கொத்து வேலைக்குச் சிமெண்டு சட்டி தூக்கப்போன பெண்களைப் பற்றி எழுதச் சொல்லி அப்போது ஒரு கடிதம் அனுப்பினேன். வரவில்லை. முந்திரி எண்ணெயால் வெந்த கைகளைப் படம் எடுத்து, சில ஆண்டுகள் கழித்து இன்னொரு கடிதம் அனுப்பினேன். அதுவும் வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் சென்ற ஞாயிறு அதே மருத்துவப் பக்கத்தின் கீழ்ப்பாதியில், ஆறாத சர்க்கரைப் புண்ணையும் 15 நாளில் ஆற்றும் எண்ணெய்க்கு விளம்பரம் வந்திருக்கிறது. மேலே நோயாளிக்குக் கண்டிப்பு, கீழே அவர் காசுக்குத் தூண்டில். இதைத் தாங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

கேட்பது அதிகம் இல்லை. அந்த ஒரு வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் இரவு படுக்குமுன் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் விரல் இடுக்கு உட்படப் பார்க்க வேண்டும், குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், வீட்டுக்குள்ளும் செருப்பு அணிய வேண்டும், செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும் என்று நான்கு வரியில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். புடவைப் பட்டுத் துணியைப் புண்ணில் கட்டக் கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள். அதே மருத்துவப் பக்கத்தில், கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் நல்லது. அம்மா பத்திரிகை வந்ததும் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

என் பெயரை வெளியிட வேண்டாம். இதை எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.