நேதாஜி படம் பார்த்தவர்கள் பேச மறந்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் 1941 முதல் 1945 வரையிலான வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் திரைப்படம் ஒன்றை இயக்குநர் ஷியாம் பெனகல் எடுத்திருந்தார். அது 2005ஆம் ஆண்டில் வெளியானது. அண்மையில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து அதைத் திரையிட்டு, பிறகு கலந்துரையாடலும் நடத்தினார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்தப் படத்தை எழுபது வயதைக் கடந்தவர்களும் உயர்நிலைப்பள்ளி மாணவர்களும் இறுதிவரை அமர்ந்து பார்த்தது பாராட்டத்தக்கது. ஆனால், அதன்பின் பார்வையாளர்கள் சொன்ன கருத்துகள் எனக்குப் பெரும் மனக்குறையை ஏற்படுத்தின. அந்தக் குறையைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் அரைமணி நேரம் நேதாஜி எப்படி இறந்தார், உண்மையில் இறந்தாரா என்ற விவாதத்திலேயே கழிந்தது. 1945 ஆகஸ்ட் 18ஆம் தேதி தைப்பேயில் நடந்த விமான விபத்தைப் பற்றி இந்திய அரசாங்கம் மூன்று முறை விசாரணை நடத்தியிருக்கிறது. ஷா நவாஸ் குழுவும் கோஸ்லா ஆணையமும் விபத்தில் அவர் இறந்ததை ஏற்றன. முகர்ஜி ஆணையம் மறுத்தது. அந்த மறுப்பை அரசாங்கம் ஏற்கவில்லை. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் பேசியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியில் இருக்கும் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆனால், ஒரு மனிதர் வாழ்ந்த வாழ்க்கையைப் படமாகப் பார்த்துவிட்டு அவருடைய மரணத்தைப் பற்றி மட்டுமே பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அடுத்து எழுந்த விவாதம் அதைவிடக் கனமானது. பல்கலைக்கழக மாணவி ஒருவர் எழுந்து, தம்முடைய சீனத் தோழியின் கொள்ளுத்தாத்தா 1942ஆம் ஆண்டின் சூக் சிங் படுகொலையில் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை என்றும், அதைச் செய்த ராணுவத்தோடு கைகோத்த தலைவரைக் கொண்டாடும் படத்தைத் தாம் எந்த மனத்தோடு பார்ப்பது என்றும் கேட்டார். சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15ஆம் தேதி வீழ்ந்த சில நாள்களிலேயே சீன ஆண்களைத் திடல்களிலும் தெருக்களிலும் வரிசையில் நிறுத்தி, ஆயிரக்கணக்கானவர்களைக் கடலோரங்களுக்குக் கொண்டுசென்று கொன்றது ஜப்பானிய ராணுவம். அந்த மாணவியின் கேள்வி நேர்மையானது. ஆனால் அவருக்குக் கிடைத்த பதில், இந்திய விடுதலை வரலாறு தெரியாமல் பேசக்கூடாது என்ற கண்டிப்புதான். பெரியவர் ஒருவர் அதைச் சொன்னபோது கைதட்டலும் எழுந்தது. அந்தக் கைதட்டல் எழுந்திருக்கக் கூடாது.

நேதாஜியை வீரர் என்று ஒரு தரப்பும், ஜப்பானின் கையாள் என்று மறு தரப்பும் வாதிட்டுக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் ஒரு கூட்டம் மனிதர்களைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த சாதாரணத் தமிழர்கள். படம் தலைவரின் கதை. அதனால் தலைவரைச் சுற்றியே நகர்கிறது. அதில் தவறில்லை. பார்ப்பவர்களாகிய நாம், அதுவும் இந்த மண்ணில் பிறந்த நாம், அவருக்குப் பின்னால் நின்றவர்கள் யார் என்று கேட்காமல் எழுந்து வந்துவிட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

நேதாஜி 1943 ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூருக்கு வந்தார். 4ஆம் தேதி கேத்தே கட்டடத்தின் திரையரங்கில் ராஷ் பிஹாரி போஸ் அவரிடம் இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமையை ஒப்படைத்தார். மறுநாள் பாடாங் திடலில் அவர் இந்திய தேசிய ராணுவத்தின் படையைப் பார்வையிட்டார். அக்டோபர் 21ஆம் தேதி அதே கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். டோபி காட் பக்கம் போகும் நம்மில் பலரும் இன்று வெறும் கட்டட முகப்பாகப் பார்த்துவிட்டு நடக்கும் இடம் அது. அங்கே படம் பார்த்த தலைமுறைகளில் எத்தனை பேருக்கு அந்த அரங்கின் வரலாறு தெரிந்திருக்கும்?

படையின் முதல் வரிசை, ஃபேரர் பார்க்கில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் வீரர்கள். நேதாஜி வந்த பிறகு சேர்ந்த பொதுமக்களில் பெரும் பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். இந்தியாவை ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். கேப்டன் லட்சுமியின் தலைமையில் வாட்டர்லூ ஸ்திரீட்டில் முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையிலும், விடிகாலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன பெண்களே மிகுதி. சேலையை விட்டுக் காற்சட்டையும் பூட்ஸும் அணிந்து, கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு அணிவகுத்து நிற்பது அன்றைய தோட்டப் பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்கள் ஏன் போனார்கள்? ஒரு தலைவரின் பேச்சில் மயங்கிப் போனார்கள் என்று கலந்துரையாடலில் ஒருவர் சொன்னார். இது அவர்களைச் சிறுமைப்படுத்தும் விளக்கம். நேதாஜி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1941ஆம் ஆண்டில், கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையோ தோட்டத்து அதிகாரியோ எதிரே வரும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி கேட்டார்கள். அதற்குத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்று சொல்லத் துணிந்தவர்களையும் அவர்களின் தம்பி தங்கைகளையும்தான் 1943இல் ஒரு படை வீரர்கள் என்று அழைத்தது. அந்த அழைப்பின் வலிமை மேடைப் பேச்சில் மட்டும் இருக்கவில்லை.

சிங்கப்பூர்ச் செட்டியார் கோயிலுக்கு அழைக்கப்பட்ட நேதாஜி, எல்லாச் சாதியினரையும் சமயத்தினரையும் உள்ளே விடாத கோயிலுக்குத் தாம் வரமாட்டேன் என்று மறுத்து, அவர்கள் இணங்கிய பிறகே முஸ்லிம் அதிகாரிகளையும் உடன் அழைத்துச் சென்றார் என்று அவருடன் இருந்த அபித் ஹசன் நினைவுகூர்ந்திருக்கிறார். கோயில் வாசலில் சாதி பார்க்கப்பட்ட காலத்தில், தோட்டத்து லயன்வீட்டில் இருந்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டிருந்தால் எப்படி நெகிழ்ந்திருப்பார்! அதே நேரத்தில் பசியும் ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ரப்பர் வணிகம் நின்றுபோய், அரிசி வரத்தும் அறுந்துபோய், மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. படையில் சேர்ந்துவிட்டால் ஜப்பானியர் ரயில்பாதை போடும் வேலைக்குப் பிடித்துப் போகமாட்டார்கள் என்ற எண்ணமும் பலருக்கு இருந்தது.

அந்த ரயிலைப் பற்றி அன்று ஒருவர்கூடப் பேசவில்லை. சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோகப்பட்டார்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டப்பட்டுப் போனவர்கள் உண்டு. பிடித்துப் போகப்பட்டவர்களும் உண்டு. காலராவும் மலேரியாவும் அடியும் பட்டினியும் அவர்களைத் தின்றன. போர்க்கைதிகளுக்காவது கல்லறையும் பெயர்ப்பட்டியலும் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட எங்கும் எழுதப்படவில்லை. என் தாத்தாவின் தம்பி ஜொகூர்த் தோட்டம் ஒன்றிலிருந்து அப்படிப் போனவர். இறந்த நாள் தெரியாததால், ஆண்டுதோறும் மகாளய அமாவாசையன்றுதான் எங்கள் வீட்டில் அவருக்குப் படையல் போடுகிறோம்.

அந்த ரயில்பாதையின் இரு முனைகளும் 1943 அக்டோபர் 17ஆம் தேதி இணைந்தன. நான்கு நாள் கழித்து கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கம் பிறந்தது. ஒரே வாரத்தில் ஒரே சமூகத்துக்கு இவை இரண்டும் நடந்தன. இந்திய தேசிய ராணுவத்தின் படையினர் பலர் பர்மா முனைக்குப் போனதும் அந்தத் தண்டவாளத்தின் மீதுதான். காட்டில் மாண்டுகொண்டிருந்த அந்தத் தொழிலாளர்களுக்காகத் தலைவர் ஜப்பானியரிடம் போதிய அளவு வாதாடினாரா என்று பார்வையாளர் ஒருவர் கேட்டால் அது முறையான கேள்வி. அவரைச் சிறுமைப்படுத்தும் கேள்வி அன்று. நேதாஜியின் மீது எனக்குள்ள மதிப்பு இந்தக் கேள்வியைத் தாங்கும்.

அன்று கண்டிக்கப்பட்ட மாணவியிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான். எஸ்பிளனேட் பூங்காவுக்கு ஒருமுறை தோழியையும் அழைத்துக்கொண்டு போங்கள். இந்திய தேசிய ராணுவத்தின் நினைவுச்சின்னத்துக்கு 1945 ஜூலை 8ஆம் தேதி நேதாஜி அடிக்கல் நாட்டிய இடம் அங்கே இருக்கிறது. செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷார் அந்தச் சின்னத்தைத் தகர்த்தார்கள். 1995ஆம் ஆண்டில்தான் தேசிய மரபுடைமைக் கழகம் அங்கே ஓர் அடையாளத்தை எழுப்பியது. அதே பூங்காவில், நான்கு வெண்கலச் சிங்கங்கள் காக்கும் லிம் போ செங்கின் நினைவிடமும் இருக்கிறது. ஜப்பானியரை எதிர்த்துப் போராடி, 1944 ஜூன் 29ஆம் தேதி மலாயாவின் பத்து காஜா சிறையில் உயிர்விட்டவர் அவர். சாலையைக் கடந்தால் பீச் ரோட்டில் பொதுமக்கள் போர் நினைவுச்சின்னம். ஏறத்தாழ 68 மீட்டர் உயரமுள்ள அதன் நான்கு தூண்களில் ஒன்று இந்தியர்களுக்கு உரியது. ஜப்பானியரோடு சேர்ந்து நின்றவர்களையும் அவர்களை எதிர்த்து மாண்டவர்களையும் அவர்களால் கொல்லப்பட்டவர்களையும் இந்நாடு சில நிமிட நடைத் தொலைவுக்குள் வைத்திருக்கிறது. ஒன்றைப் போற்றுவதற்காக மற்றொன்றை மறுக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த போராட்டம் நியாயமானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்காக, தன் குடும்பத்தில் ஒருவரை இழந்த சீன நண்பரிடம் போய் அந்தத் துயரத்தை மறந்துவிட்டு எங்களோடு சேர்ந்து கைதட்டுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது.

கேப்டன் லட்சுமி 2012ஆம் ஆண்டிலும், கோலாலம்பூரிலிருந்து வந்து ஜான்சி ராணிப் படையில் அதிகாரியாக உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் 2014ஆம் ஆண்டிலும் மறைந்தார்கள். நூலில் இடம்பெறாத மற்றப் பெண்களும் ஆண்களும் தத்தம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னது மட்டுமே மிச்சம். அந்தப் பிள்ளைகளுக்கே இப்போது எண்பதை நெருங்கும் வயது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றிய நேர்காணல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இத்தகைய படங்களைத் திரையிடும் அமைப்புகள் அவற்றில் ஒன்றிரண்டையாவது படத்துக்கு முன்பு ஒலிக்கச் செய்யலாம். கேள்வி கேட்கும் இளையர்களை அடக்காத ஒருவரை நெறியாளராக அமர்த்தலாம்.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. படையில் சேர்ந்தவர், ரயிலுக்குப் போனவர் ஆகிய இரு தரப்பாரின் குடும்பங்களையும் விவரங்கள் அனுப்புமாறு அழைத்து, சில வாரங்களுக்கு ஒரு பக்கத்தை ஒதுக்கித் தாருங்கள். முழுக் கதை தெரியாவிட்டாலும் பெயர், புறப்பட்ட தோட்டம், போன ஆண்டு ஆகியவை கிடைத்தால் போதும். வந்து சேர்பவற்றைத் தொகுத்து ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கும் வேலையில் தொண்டூழியராகச் சேர நானும் ஆயத்தமாக இருக்கிறேன். என் தாத்தாவின் தம்பியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தவற்றை இக்கடிதத்தோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பிடோக்