அப்பாவுக்குப் புகையிலைச் செய்தி

ஸ்காபரோ, கனடா,
மார்கழி.

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

தங்கச்சியின் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் நோ குறைந்தது பெரிய ஆறுதல். பதில் பிந்தியதற்குக் கோவிக்க வேண்டாம். வேலை முடிந்து வர இரவாகிவிடுகிறது. நான் சுகம். பேஸ்மென்ட் என்றாலும் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது, சாப்பாட்டுக்கும் குறையில்லை.

அப்பா, இது உங்களுக்குத்தான். பனிக்குள்ளும் வெறும் செருப்போடு நிற்கிற பக்கத்து வீட்டுப் போர்த்துக்கேயக் கிழவரைப் பற்றி முன்பு எழுதினேனே, அவர் தக்காளிக்குப் பின்னால் புகையிலை நட்டிருந்தார்! நம் ஊரைப் போலப் புகை போடும் குடில் இல்லை, புகை இல்லை. கராஜில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் காற்றிலேயே காயவைத்தார். இலை அருமையாகப் பழுத்து வந்தது. பிறகு அதைக் குப்பைப் பைக்குள் கட்டி வைத்தார். இங்கே சில குப்பைப் பைகளுக்கு வாசனை போட்டிருப்பார்கள். அவிழ்த்தால் மேல் இலையெல்லாம் எலுமிச்சை சோப்பு மணம். மனுசன் அழாக்குறை.

நான் கோப்பாய்த் தோட்டக்காரரின் மகன் என்று தெரிந்ததும் என்னிடம் கொண்டுவந்தார். நீங்கள் காட்டித்தந்தபடி முதலில் நடுநரம்பை மடித்துப் பார்த்தேன். முறியாமல் வளைந்த இலைகளைத் திரும்பத் தொங்கவிட்டோம். நரம்பில் ஈரம் நின்றால் எந்தப் பையில் போட்டும் பயனில்லை.

இலையைப் பாயில் சுற்றிச் சிப்பமாகக் கட்டும் உங்கள் முறை இங்கே சரிவராது. அங்கே காற்றில் ஈரம் உண்டு, பனையோலைப் பாய் போதும். இங்கே ஹீட்டர் காற்றில் சாக்கில் கிடக்கும் இலை அப்பளமாக நொறுங்கிவிடும். அதனால் மணமில்லாத, தடித்த பொலித்தீன் பையாகத் தேடி வாங்கினோம்: 0.1 மில்லிமீட்டர் தடிப்பு, உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும், பூஞ்சணம் பிடித்தால் உடனே காணலாம். காற்றை உறிஞ்சி இறுக்கும் பை வேண்டாம் என்றேன், இலை கட்டிபட்டுவிடும். கையால் அமத்தினால் போதும். உள்ளே ஈரப்பதன் 60, 65 வீதம் நின்றால் இலை பதமாக இருக்கும், 70ஐத் தாண்டினால் பயம். பல பைகளாகப் பிரித்தோம். ஒன்று பழுதானாலும் மற்றவை தப்பும்.

தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை மணம் அதில் இல்லை. ஆனாலும் விரலில் ஒட்டிய பிசின் அதேதான், அப்பா. தோட்டத்தால் வந்து கிணற்றடியில் நின்று கை தேய்ப்பீர்களே. அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அது கிடக்கட்டும். பெரியப்பா கிழக்குத் துண்டைக் குத்தகைக்குக் கேட்டாராம். கொடுங்கள், ஆனால் எழுத்தில் கொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் முறையும் அதில் வரவேண்டும். மோட்டர் திருத்த இப்போதைக்குப் பாதிக் காசு அனுப்புகிறேன். வேலை நேரம் மாற்றியிருக்கிறார்கள், வேறொன்றுமில்லை, யோசிக்க வேண்டாம். மிச்சம் தைக்குள் வரும். தங்கச்சியின் சாதகத்தை இணுவில் மாமியிடம் கொடுத்தீர்களா? அந்தப் பெடியன் என்ன வேலை என்று விசாரித்து எழுதுங்கள்.

அன்பு மகன்