சிறுபோக வயலுக்குக் குழாய்

அன்புள்ள மகனுக்கு,

நெல் வயலில் எப்போதும் தண்ணி நிறுத்தாமல், கட்டினது வற்றினபிறகு திரும்பக் கட்டுகிற நனைத்துக் காயவிடும் முறையைச் சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த கோடைப் போகத்தில், செய்தால் என்ன என்று கேட்டிருந்தாய். செய்யலாம். மண்ணுக்குள் நீர் எவ்வளவு இறங்கினது என்று பார்க்கிற குழாய்க்குக் காசு அனுப்பத் தேவையில்லை. நாலு அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு அடித் துண்டு இரண்டு, ஏக்கருக்குக் காணும். கீழ் அரை அடியில் சுற்றிவர ஓட்டை போட்டு, அந்தப் பக்கத்தை மண்ணுக்குள் தாட்டு, உள்ளிருக்கும் சேற்றைக் கையால் அள்ளி எடுக்கவேணும். எடுக்காவிட்டால் ஓட்டை அடைபடும். வெளியே நீர் வற்றினாலும் குழாய்க்குள் நிற்கும், பார்க்கிறவன் ஏமாந்துபோவான்.

விதைத்து மூன்று கிழமைக்கு முன் தொடங்காதே. எறிந்து விதைத்த வயலில் தண்ணி இல்லாத நாளெல்லாம் கோழிச்சூடனும் கோரையும் களையாகக் கிளம்பும். மிச்சம் பிடித்தது களைநாசினிக்கே போய்விடும். பிறகு, குழாய்க்குள் நீர் தரையிலிருந்து அரை அடி இறங்கினதும் இரண்டு அங்குலம் நிற்கக் கட்டு. கதிர் உறைக்குள் இருக்கிற குடலைப் பருவத்திலிருந்து பூத்து ஒரு கிழமை வரை காயவிடக்கூடாது, விட்டால் மணி பிடிக்காத சப்பிதான் மிஞ்சும். யூரியாவைக் காய்ந்த மண்ணில் எறிந்து உடனே தண்ணி கட்டவேணும். எறிந்துவிட்டுக் காயவிட்டால் தழைச்சத்து காற்றோடு போகும்.

இதற்கெல்லாம் முதல் நிலம் மட்டமாக இருக்கவேணும். பள்ளத்தில் தாட்ட குழாய் நீர் காட்டும்போதே மேட்டில் வெடிப்பு விழும். அடுத்த தண்ணி அந்த வெடிப்பாலேயே இறங்கிவிடும்.

பெரிய சிக்கல் வாய்க்கால். இரணைமடுக் குளத்துத் தண்ணி வயல்களுக்கு நாள் முறை வைத்து வருகிறது. குழாய் "இன்னும் பொறு" என்று சொன்னாலும் முறை இன்றைக்கென்றால் யார் விடுவார்? விட்டால் அடுத்த முறை எப்போது வரும் என்ற பயம். வாய்க்கால் தொடங்குகிற தலைப்பு வயல்காரர் மிச்சம் பிடித்தால் நன்மை கடைக்கோடி வயலுக்கு, களைச் செலவு அவருக்கு. ஆகவே கமக்காரர் அமைப்பில் முழு வாய்க்காலும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் பலன். கிணற்றிலிருந்து இறைக்கிறவருக்குக் கதை வேறு, டீசல் குறைவது அடுத்த நாளே தெரியும்.

தண்ணியில் 15 முதல் 30 வீதம் வரை மிச்சம் வரும், நீர் நிற்கிற வயலிலிருந்து கிளம்பும் மீதேன் வாயு பாதியளவு குறையும். விளைச்சல் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, குறையாமல் இருந்தாலே போதும். மூன்றரை மாத நெல்லான ஏ.ரி. 362-க்குப் பதிலாக மூன்று மாத நெல்லான பி.ஜி. 300 விதைத்தால் இரண்டு கிழமைத் தண்ணி சும்மாவே மிஞ்சும். காலபோக மழையில் குழாய்க்கு வேலையில்லை, வடிகால்தான் வேணும்.

அனுப்புவதென்றால் மட்டம் போடுற உழவு இயந்திரக் கூலிக்கு அனுப்பு. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முதல் வந்தால் நல்லது.

அப்பா