குவெர்சீனோவின் மை செப்பியா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பரோக் காலப் (17ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஐரோப்பிய கலைப் பாணி) புராண உருவச் சித்திரங்கள் பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் இத்தாலிய ஓவியர் குவெர்சீனோ (1591–1666) ரோமானியக் காதல் தெய்வம் வீனஸையும் போர்த் தெய்வம் மார்ஸையும் ‘செப்பியா மையில்’ வரைந்தார் என்று எழுதியிருப்பது பிழை. கணவாயின் மைப்பையிலிருந்து எடுக்கும் பழுப்பு மையான செப்பியா ஓவியர்களிடம் பரவலானது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். குவெர்சீனோ பெரும்பாலும் பயன்படுத்தியது, மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்த்துச் செய்யும் இரும்பு மை. அது தாளில் படும்போது வெளிறியிருக்கும். காற்றுப் பட்டதும் கறுக்கும். பல ஆண்டுகள் கழித்தே பழுப்பாகும். ஆகவே கட்டுரை புகழும் ‘இதமான பழுப்பு’ காலம் தந்தது. அவர் கண்ட கோடு இன்னும் கடுமையானது.

வரைந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு இந்த மைக்கான சரக்கெல்லாம் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். மாசிக்காய் 30 கிராமை ஒன்றிரண்டாக இடித்து, 300 மில்லி தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து வடிகட்டுங்கள். அதில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) 10 கிராம், பிறகு பொடித்த வேலம் பிசின் 10 கிராம் கரையுங்கள். பிசின் குறைந்தால் மை தாளில் ஊறிப் பரவும். கூடினால் இறகுப் பேனாவில் இருந்து இறங்காது. கறுப்பு போதவில்லை என்று அன்னபேதியை அள்ளிப் போடுவதுதான் பெரிய தவறு. மாசிக்காயின் துவர்ப்புடன் சேராமல் மிஞ்சும் இரும்பும், மையில் உண்டாகும் கந்தக அமிலமும் தாளின் நாரை அரிக்கும். முதலில் கோட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம், பிறகு தாளின் பின்பக்கம் கறை, கடைசியில் விரிசல், ஓட்டை. குவெர்சீனோவின் தாள்கள் பலவற்றில் இந்தச் சேதத்தைப் பார்க்கலாம். மை குளமாகத் தேங்கிய நிழற்பகுதிகளே முதலில் போகும். காற்றில் ஈரம் ஏறினால் அரிப்பு வேகமெடுக்கும்.

பேனா விஷயத்தில் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. வாத்து இறக்கையின் வெளி இறகைச் சூடான மணலில் செருகிப் பதப்படுத்தி, முனையைச் சீவிப் பிளவு போடுவார்கள். அழுத்தினால் பிளவு விரிந்து கோடு தடிக்கும், விட்டால் மெலியும். மார்ஸின் தோள் தசை புடைப்பதும் வீனஸின் மகன் க்யூபிட்டின் கன்னம் குழைவதும் அந்த அழுத்த வித்தியாசத்தால்தான். எஃகு நிப்பில் முயன்றால் தாள் கீறும், நிப்பும் துருவேறும். நிழலுக்கு அதே மையைத் தண்ணீரில் நீர்த்துத் தூரிகையால் தடவலாம். கோடு முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ஒளி விழும் இடத்தில் வெள்ளை பூச வேண்டாம், தாளை அப்படியே விட்டால் போதும்.

இனி இத்தகைய படங்களை அச்சிடும்போது நிறத்தைக் கூட்டாமல், அடிக்குறிப்பில் மையின் வகையையும் குறிப்பிட வேண்டுகிறேன்.

ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.