மாதாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் அம்மாச்சி ஒரு நேர்ச்சை வைத்திருந்தார். பேத்தி ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருட ஆர்ட்டிகிள்ஷிப்பை, அதாவது சி.ஏ. படிப்புக்கான வேலைப் பயிற்சியை, நல்லபடியாக முடித்துவிட்டால், ‘கேட்ட வரம் தந்த பனிமய அன்னைக்கு நன்றி’ என்று நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதிப் போடுவதாக. 2022இல் மயிலாப்பூரில் சேர்ந்தேன், 2025இல் முடித்துவிட்டேன். நேர்ச்சையைக் கடன் வைக்கக் கூடாது என்று தினமும் போன் வருகிறது. ஆகவே முதல் நன்றி தூத்துக்குடி பனிமய மாதாவுக்கு. ஆனால் மாதா எதையும் நேரில் வந்து செய்யவில்லை, ஆள் வைத்துத்தான் செய்தாள். அந்த ஆட்களின் பெயரில் வரவு வைக்காமல் கணக்கை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருகிற இடம். போன் செய்தால், “சாப்டியாம்மா? ரூவா இருக்கா? அம்மாட்ட குடுக்கேன்” என்பதோடு சரி. பயிற்சிக்குத் தருகிற ஸ்டைபண்ட் முதல் வருடம் மாதம் 4,000 ரூபாய். ஹாஸ்டல் வாடகைக்கே அது காணாது. நான் வாய் திறப்பதற்கு முன்பே ஜீபேயில் பணம் வந்து விழும், குறிப்பில் ‘புக்ஸ் வாங்க’ என்று இருக்கும். அந்தப் புத்தகங்களில் பாதியை நான் சால்னாவோடு படித்தேன் என்பது அப்பாவுக்கும் தெரியும். எங்கள் ஊர் மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பார்கள். “அன்னைக்கும் கிளியரிங் நம்ம ஆளுங்க யாராவதுதான் பார்த்திருப்பாங்க” என்பது அப்பா வருடா வருடம் திருவிழாவில் சொல்லும் ஜோக். நாங்களும் வருடா வருடம் சிரிக்கிறோம்.

அம்மாவின் துறை புனித அந்தோணியார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர் அவர்தானே. வவுச்சர் காணோம் என்று நான் சென்னையில் புலம்பினால் அங்கே மெழுகுவர்த்தி எரியும். வவுச்சரும் கிடைத்துவிடும், பெரும்பாலும் கிளையன்ட் ஆபீஸ் கணக்குப்பிள்ளையின் மேஜை டிராயரில். டிராயரைத் திறந்த கணக்குப்பிள்ளைகள் அனைவருக்கும் என் நன்றி. சீக்கிரம் திறந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்போது ஆபீஸ். பனிமய மாதா திருவிழாக் கொடியேற்றம் ஜூலை 26. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜூலை 31. திருவிழா ஆகஸ்ட் 5. இந்தத் தேதிகளைப் பார்த்தாலே நான் எதில் மாட்டினேன் என்று புரியும். அதிலும் 2023இல் தங்கத் தேர். அதற்கு முன் தேர் ஓடியது 2013இல், நான் ஸ்கூலில் படித்தபோது. லீவு கேட்கப் போனேன். சார் நெற்றியில் திருமண் துலங்க காலண்டரைப் பார்த்தார். “அம்மா ஊர்வலம் வரச்சே பொண்ணு இல்லாம எப்படி? போயிட்டு வா. ஆனா 31 முடிச்சுட்டுப் போ” என்றார்.

கொடியேற்றத்தை யூடியூபில் பார்த்தேன், செல்போனை ஒரு பாக்ஸ் ஃபைல் மேல் சாய்த்து வைத்து. கொடி மேலே ஏற ஏற நான் யாரோ ஒருவரின் 26ஏஎஸ் என்கிற வரிப் பட்டியலில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்த வரி, ஒத்துப்போகிறதா என்று டிக் அடித்துக்கொண்டிருந்தேன். 31ஆம் தேதி இரவு கிளையன்ட்டுகளைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடிபி கேட்டோம். திட்டாமல் சொன்னவர்களுக்கு நன்றி, திட்டிக்கொண்டே சொன்னவர்களுக்கும்தான். முத்துநகர் எக்ஸ்பிரஸில் எனக்குத் தட்கல் டிக்கெட் எடுக்க, பக்கத்து மேஜை சீனியர் அண்ணன் ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டையே சிறிது நேரம் தள்ளி வைத்தார். அந்தக் கம்பெனியிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

திரும்பி வரும்போது ஆபீஸுக்கு மக்ரூன் டப்பா. அதில் முட்டையின் வெள்ளைக்கரு இருப்பதால் சாருக்குத் தனியாகக் கோவில்பட்டி கடலைமிட்டாய். ஆயுத பூஜையன்று ஆபீஸ் அண்ணன் என் கால்குலேட்டருக்கும் சேர்த்துச் சந்தனம் அப்பிவிடுவார். 7ஆம் எண் பொத்தான் இன்னும் அழுத்தினால்தான் இறங்குகிறது, ஆனால் மணக்கிறது.

2023 ஏப்ரல் வங்கித் தணிக்கையை மறக்கவே முடியாது. கிளை மேலாளர் ரம்ஜான் நோன்பு. நான் தவக்காலம், ஈஸ்டர் வரை கவிச்சி கிடையாது. சீனியர் பிறவிச் சைவம். இது எதுவும் தெரியாமல் கேஷியர் ஆசையாக எங்களுக்கு மட்டன் பிரியாணி வரவழைத்துவிட்டார். பொட்டலத்தைப் பிரித்ததும் அறை முழுக்க வாசனை. மூன்று பேரும் வாராக்கடன் பட்டியலை அத்தனை கவனமாகப் படித்தது அன்றைக்குத்தான். கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் வந்து எங்கள் எல்லோர் சார்பிலும் சாப்பிட்டுக் கொடுத்தார். அவருக்கு நன்றி. சீனியரோடு சேர்த்து எனக்கும் தயிர் சாதம் வாங்கி வந்த கேஷியருக்கும்.

ஹாஸ்டல் அறைத்தோழிக்கு நன்றி சொல்லாமல் விட்டால் அடிப்பாள். ஞாயிறு காலைப் பூசைக்கு நான் வைக்கிற அலாரம் என்னை எழுப்பாது, அவளைத்தான் எழுப்பும். அவள் என்னை எழுப்புவாள். எழுந்தது எழுந்தோம் என்று அவள் கபாலி கோயிலுக்குப் போவாள், நான் லஸ் மாதா கோயிலுக்கு. முடித்துவிட்டு இட்லிக் கடையில் சந்திப்போம். யார் முதலில் வருகிறார்களோ அவர்தான் பில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருடைய பக்தியும் பெருகி, கோயிலில் கூடுதல் நேரம் இருக்க ஆரம்பித்தோம்.

சி.ஏ. இறுதித் தேர்வு இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்கும் அம்மாச்சி ஒரு நேர்ச்சை வைத்திருப்பதாகப் போன வாரம்தான் அம்மா சொன்னார். பாஸானால் வேளாங்கண்ணியில் முடி காணிக்கை. முடி என்னுடையது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. மூன்று விரல் நீளம் வெட்டித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். அம்மாச்சி தோள்பட்டை வரை இறங்கி வந்திருக்கிறார். பேச்சுவார்த்தை தொடர்கிறது.

இப்படிக்கு,
தூத்துக்குடிக்காரி,
மயிலாப்பூரிலிருந்து